சொல்லாமல் எறிகிற கூடை

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகளை இந்த நாட்டில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் 31ஆம் திகதி ஒரே நாளில் 13 மணி நேரம் என்று அறிவிக்கப்பட்ட வெட்டு, பின்னர் மெல்லக் குறைந்து இரண்டு மூன்று மணி நேரமாகி, அடுத்த ஆண்டு பெப்ரவரி வரை நீடித்தது. அந்த மாதங்களில் மாத்தளை நகரில் வாசனைத் திரவியங்களை ஏற்றுமதி செய்யும் ஒரு கடையின் பின்னறையில், மிளகு மூட்டைகளுக்கு அருகே, ஒரு சிறிய கணனி அந்தக் கடைக்கு வரும் மின்னஞ்சல்களையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றால் அதுவும் நின்றது. டீசல் கிடைக்காத நாட்களில் மின்பிறப்பாக்கி வெறும் இரும்பு. ஆயினும் அப்படி அணைந்து கிடந்த நாட்களில் ஒரு மடல்கூடத் தொலைந்துபோகவில்லை.

இதில் அதிசயம் எதுவுமில்லை. மின்னஞ்சலின் விதிமுறையை ஜோன் போஸ்டல் 1982இல் எழுதிவைத்த காலத்திலேயே, எதிர்முனையில் இருக்கும் கணனி எந்நேரமும் விழித்திருக்கும் என்று யாரும் நம்பவில்லை. கதவு திறக்காவிட்டால் அனுப்புகிற வழங்கி மடலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் தட்ட வேண்டும். நான்கைந்து நாட்களாவது முயலாமல் கைவிடக் கூடாது என்று இன்றைய விதிமுறையும் சொல்கிறது. முடியாமற்போனால், முடியவில்லை என்று எழுதியவருக்கு அறிவிக்க வேண்டும். மூன்று மணி நேர இருட்டு இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பொருட்டேயல்ல.

மடல்களைத் தொலைத்தது மின்சாரம் இருந்த வேளையில், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேளையில், குப்பையைத் தடுக்கவென்று வைத்த வடிகட்டி. அது தொலைத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் எழுதப்பட்டவை. இது ஒரு கடையின் சங்கதி மட்டுமாக இருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. தமிழில் மடல் எழுதுகிற, தமிழில் மடல் பெறுகிற எவருக்கும் இது நேரக்கூடியது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், ஒரு மிளகு வியாபாரி ஏன் சொந்தமாக அஞ்சல் வழங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி எழும். 2022இன் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய் என்றிருந்த நிலை, மே மாதமளவில் 360 ரூபாய் என்றாகிவிட்டது. வெளிநாட்டு நிறுவனங்களின் அஞ்சல் சேவைக்கு ஒவ்வோர் ஊழியர் பெயரிலும் மாதாமாதம் டொலரில் கட்டணம். கடை அட்டை பல வேளைகளில் வேலை செய்யவும் இல்லை. அந்த நேரத்தில்தான் முதலாளி, கணனி தெரிந்த ஒரு தம்பியை அழைத்து, நிலையான ஐ.பி. முகவரியுடன் கூடிய இணைப்பொன்றை எடுத்து, எல்லாவற்றையும் பின்னறைக்குக் கொண்டுவந்தார். போஸ்ட்ஃபிக்ஸ், அமாவிஸ், ஸ்பாம்அசாசின் என்ற மூன்று இலவச மென்பொருட்கள். உலகில் எண்ணற்ற சிறு நிறுவனங்கள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் கூட்டணி இது. அந்தத் தம்பியின் வேலையில் நான் பெரிதாகக் குறை காணமாட்டேன். நெருக்கடியில் விரைவாகச் செய்த வேலை, செய்தவுடன் ஓடியது.

கடந்த ஆண்டு மாசி மகத் தேருக்குச் சற்று முன்னர் முதலாளி என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: "ரொறன்ரோவுல நம்ம பழைய வாடிக்கைக்காரர் கோவிச்சுக்கிட்டாருங்க ஐயா. மூணு தடவ எழுதினாராம், நான் பதிலே போடலைன்னு. எனக்கு ஒண்ணுமே வரல்லீங்க. ஆனா லொத்தர் விழுந்திருக்குன்னு இங்கிலீசுல தினமும் அம்பது வருது."

நோயின் குறிகள் இரண்டும் இந்த ஒரே பேச்சில் இருந்தன. வர வேண்டியது வரவில்லை. வரக் கூடாதது வருகிறது. இவற்றைத் தனித்தனி நோய்களாகக் கருதுவதுதான் பெரும்பாலோர் செய்வது. பத்திரிகை அலுவலகத்தில் கணனிப் பகுதிப் பையன்களோடு இரவுப் பணியில் இருந்து பழகிய எனக்கு, இரண்டும் ஒரே வேரிலிருந்து முளைத்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது.

வடிகட்டியில் கோளாறு என்றால் உடனே அமைப்புக் கோப்பைத் திறந்து எண்களை மாற்றத் தொடங்குவது வழக்கம். அதைவிட, வந்து சேர்ந்த ஒரு குப்பை மடலின் மறைந்திருக்கும் தலைப்பு வரிகளைப் படிப்பது பயன் தரும். ஸ்பாம்அசாசின் ஒவ்வொரு மடலுக்கும் பல சோதனைகள் செய்து, ஒவ்வொரு சோதனைக்கும் புள்ளி கொடுத்து, கூட்டுத்தொகையை அங்கே எழுதிவைக்கிறது. மொத்தம் 5ஐத் தொட்டால் குப்பை என்பது அதன் பிறவிக் குணம். லொத்தர் மடல்களுக்கு 2, 2.4 என்று சொற்பப் புள்ளிகளே விழுந்திருந்தன. அந்த வரியின் நடுவே, முகவரிப் பட்டியலைக் கேட்டபோது கேள்வி மறுக்கப்பட்டது என்ற பொருள்படும் ஒரு குறிச்சொல். புள்ளி எதையும் கூட்டாத குறிச்சொல் என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. முழுக் கதையின் நுனியும் அதுதான்.

குப்பை அனுப்பும் கணனிகளின் முகவரிகளை ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. மடல் வந்ததும் நம் வழங்கி, இந்த முகவரி உங்கள் பட்டியலில் உண்டா என்று பெயர்த் தேடல் வழியாகக் கேட்கும். சிறு நிறுவனங்களுக்கு இது இலவசம். ஆனால் கேள்வி நேராக நம்மிடமிருந்து போக வேண்டும். கூகிளின் 8.8.8.8 போன்ற பொதுத் தேடல் சேவை வழியாகப் போனால், கேட்பவர் யார், எத்தனை கேள்வி கேட்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே பதில் தர மறுத்துவிடுவார்கள். மறுப்பைக் குறிக்க ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்றொரு தனி எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. சில வழங்கிகள் இந்த மறுப்பையே 'ஆம், பட்டியலில் உண்டு' என்று தவறாக விளங்கிக்கொண்டு, உலகத்து மடல்களையெல்லாம் விரட்டியடித்த சம்பவங்கள் உண்டு. மாத்தளையில் நடந்தது அதற்கு மறுதலை. பட்டியல்கள் ஊமையாகிவிட்டன; குப்பை தாராளமாக உள்ளே வந்தது.

குப்பை கூடியதும் முதலாளி முறையிட்டார். தம்பி வந்து, எல்லைப் புள்ளியை 5இலிருந்து 3ஆகக் குறைத்துவிட்டுப் போனார். வேரில் இருந்த கோளாற்றை இலையில் மருந்து பூசி ஆற்றுகிற வேலை. லொத்தர் மடல்களோ 2.4இல் நின்றவை, அவை தொடர்ந்து வந்தன. மாட்டிக்கொண்டவை வேறு.

மாட்டிக்கொண்டவை எவை என்று அறிய, அழித்துவிடு என்றிருந்த கட்டளையைத் தனியறையில் நிறுத்திவை என்று மாற்றிவிட்டு, ரொறன்ரோ நண்பரை அதே மடலை மறுபடியும் அனுப்பச் சொன்னோம். தனியறையில் வந்து நின்றது. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். ஆகிய முகவரிச் சான்றுகள் எல்லாம் சரி. எந்தப் பட்டியலிலும் அவர் இல்லை. ஆயினும் மொத்தப் புள்ளி 3.6. அதில் 3.5, 'பேயஸ்' என்ற ஒரே சோதனையால் வந்தது.

இங்கேதான் தமிழின் கதை தொடங்குகிறது. நிதானமாகச் சொல்ல வேண்டும்.

போல் கிரேயம் 2002 ஆகஸ்டில் எழுதிய கட்டுரையொன்றால் புகழ்பெற்ற முறை இது. நல்ல மடல்கள் கொஞ்சம், குப்பை மடல்கள் கொஞ்சம் காட்டினால், எந்தச் சொல் எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று கணக்கிட்டு, புதிய மடலை வடிகட்டி தானே எடைபோடும். ஸ்பாம்அசாசின் இரண்டு வகையிலும் 200 மடல்களாவது பார்த்த பிறகே இந்தச் சோதனையைத் தொடங்கும். ஒவ்வொருவருக்கும் வரும் மடல்களிலிருந்தே கற்பதால், நியாயமானதாகத் தோன்றும் முறை.

ஆனால் சொல் என்பது எது? கணனியில் ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட்டு. ஒருங்குறியின் யூ.டி.எஃப்.-8 வடிவில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. மெய்யெழுத்தின் புள்ளி தனியாக மூன்று. உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனியாக மூன்று. ஸ்பாம்அசாசினின் 3.4 வரிசைப் பதிப்புகளில் ஒரு சொல்லுக்கு 15 பைட்டு எல்லை. ஆங்கிலத்தில் 15 எழுத்துக்குமேல் நீளும் சொற்கள் அபூர்வம். தமிழில் ஐந்து குறியோடு கணக்கு முடிந்துவிடும். 'மிளகு' என்பதில் ஐந்து குறிகள், சரியாக 15 பைட்டு; தப்பிக்கும். 'கறுவா'வும் அப்படியே. 'கராம்பு' 21, 'ஏலக்காய்' 24, 'சாதிக்காய்' 30. இவை தப்பா. மாத்தளைக் கடையில் மிளகும் கறுவாவும் மட்டும் முழுதாக வாசலைத் தாண்டின. மற்றவை இடிபட்டுத் தூளாயின என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேற்றுமை உருபும் வினைவிகுதியும் சேர்ந்து நீளும் நம் சொற்களில் எத்தனை இந்த எல்லைக்குள் அடங்கும் என்று வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

எல்லையைத் தாண்டிய சொல்லை வடிகட்டி என்ன செய்கிறது? முந்தைய பதிப்புகளில் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுந்தது. 2015இல் வெளியான 3.4.1 பதிப்பில் இது திருத்தப்பட்டு, சொல் எழுத்தெழுத்தாகப் பிரிக்கப்படுகிறது. சீன மொழியை மனத்தில் வைத்துப் பார்த்தால் இது நல்ல தீர்வு. அங்கே ஓர் எழுத்துக்கே பெரும்பாலும் ஒரு பொருள் உண்டு. தமிழில் 'க' என்ற எழுத்துக்குக் குப்பையென்றும் நல்லதென்றும் என்ன பொருள்? 'கடவுள்' என்பதிலும் 'கடனட்டை' என்பதிலும் அதுதான் வருகிறது.

இப்போது கடையின் பயிற்சியைப் பாருங்கள். நல்ல மடல்கள் என்று காட்டப்பட்டவை எல்லாம் ஆங்கில வர்த்தகக் கடிதங்கள். விலைப் பட்டியல், கப்பல் ஆவணம், வங்கிக் கடிதம். குப்பை என்று காட்டப்பட்டவற்றில் ஆங்கிலக் குப்பையுடன் தமிழ்க் குப்பையும் இருந்தது. சோதிடம், உடனடிக் கடன், காணி விற்பனை என்று தமிழிலும் இப்போது குப்பைக்குப் பஞ்சமில்லை. ஆக, தமிழ் எழுத்துகள் ஒரு பக்கத்தில் மட்டுமே தென்பட்டன. வடிகட்டி தர்க்கப்படி ஒரு முடிவுக்கு வந்தது: 'க' வந்தால் குப்பை, 'ம' வந்தால் குப்பை, புள்ளி வந்தால் குப்பை. சுருக்கமாக, தமிழ் என்றால் குப்பை. இதில் யாருடைய துவேஷமும் இல்லை. மொழி அறியாத காவலாளிக்கு ஒருதலைப்பட்சமாகப் பயிற்சி கொடுத்தால் நடப்பது இதுதான்.

பழுது தெரிந்த பின் திருத்துவது அரை நாள் வேலை. பெயர்த் தேடலுக்கு அன்பவுண்ட் என்ற சிறிய மென்பொருளை அதே கணனியில் நிறுவி, பட்டியல்களை நேரடியாகக் கேட்க வைத்தார் தம்பி. ஊமையான பட்டியல்கள் பேசத் தொடங்கியதும் லொத்தர் மடல்கள் அன்றிரவே ஏழு, எட்டு என்று புள்ளி வாங்கின. எல்லை மீண்டும் 5 ஆயிற்று. வடிகட்டியின் பழைய நினைவை முற்றாக அழித்துவிட்டு, முதலாளியின் பழைய கோப்புகளில் கிடந்த தமிழ் மடல்களைத் தேடியெடுத்து நல்லவை என்று கற்பித்தோம். உறவினர் கடிதம், கோவில் சபை அறிவிப்பு, ரொறன்ரோக்காரரின் பல வருடத்து ஓடர்கள் எல்லாம் பாடப்புத்தகமாயின. தமிழ் எழுத்து இரு பக்கமும் தென்பட்டால், அது எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. மற்றச் சோதனைகள் தீர்மானிக்கும். இந்தக் குறைபாட்டுக்கு இப்போதைக்கு வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவும் தொழில்நுட்பம். இதைவிட எனக்கு உறுத்தியது வேறு.

அழிக்கப்பட்ட மடல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பதிவேட்டில் இருந்தவை அனுப்பியவரின் முகவரி, நேரம், புள்ளி, அழிக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே. அந்த வரிகளை முதலாளியும் நானும் ஒரு மாலை முழுவதும் இருந்து வாசித்தோம். தெரிந்த பெயர்கள் அவ்வப்போது வந்தன. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஓர் இளைஞர், கடையில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு இரண்டு முறை எழுதியிருக்கிறார். முகவரியை வைத்து முதலாளி அடையாளம் கண்டார். நேரில் வந்து கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். வேலை வேறொருவருக்குப் போய் மாதங்களாகியிருந்தன. தன் விண்ணப்பத்தை முதலாளி படித்துவிட்டு அலட்சியம் செய்ததாகவே அவர் நினைத்திருப்பார். வேறெப்படி நினைப்பார்? அவருக்கு எந்தப் பதிலும் போகவில்லை. மடல் சேரவில்லை என்ற அறிவிப்பும் போகவில்லை. மாறாக, மடல் பெற்றுக்கொள்ளப்பட்டது என்றே அவருடைய பக்கத்து வழங்கிக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. இரண்டு அஞ்சல் வழங்கிகள் பேசிக்கொள்ளும்போது, மடல் முழுவதும் வந்து முடிந்ததும் பெறுகிற வழங்கி ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். 250 என்றால் பெற்றுக்கொண்டேன். 450 போன்ற எண் என்றால் பிறகு வா. 550 என்றால் ஏற்கமாட்டேன். 250 என்பது பதிவுத் தபாலுக்குக் கையெழுத்திடுவது போன்றது. கையெழுத்திட்ட கணத்திலிருந்து மடலுக்குப் பொறுப்பாளி பெற்றவர். கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு, கதவை மூடிக்கொண்டு, பின்கட்டில் அடுப்பிலிடுவதைத்தான் நமது வழங்கிகளில் பல நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன.

என் துறையிலும் குப்பைக் கூடை உண்டு. ஆசிரியருக்கு வரும் கடிதங்களிலும் ஆக்கங்களிலும் பெரும்பகுதி பிரசுரமாவதில்லை. பிரசுரிக்க இடமும் இல்லை. ஆனால் அந்தக் கூடைக்கு ஒரு விதி இருந்தது. முத்திரை ஒட்டிய உறை இணைக்கப்படாத ஆக்கங்கள் திருப்பி அனுப்பப்படமாட்டா என்று முன்கூட்டியே அச்சிட்டு அறிவிப்போம். உறை வைத்தவருக்கு, வருந்துகிறோம் என்ற துண்டுச் சீட்டுடன் ஆக்கம் திரும்பிப் போகும். அந்தச் சீட்டைப் பெற்று மனமுடைந்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஆயினும் அவர்கள் அதே கதையை வேறு பத்திரிகைக்கு அனுப்ப முடிந்தது. நிராகரிக்கப்பட்டவருக்கு மிஞ்சும் உரிமை அது ஒன்றுதான். சொல்லாமல் எறிகிற கூடை அதையும் பறித்துக்கொள்கிறது.

அப்படியானால் குப்பை மடல் ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டுமா என்று கேட்கலாம். கூடாது. குப்பை அனுப்புவோர் அனுப்புநர் முகவரியைப் பொய்யாக இடுவார்கள். மடலைப் பெற்றுக்கொண்டு, பிறகு யோசித்து, திருப்பி அனுப்பினால் அது சம்பந்தமேயில்லாத அப்பாவியின் பெட்டியில் போய் விழும். நாமே குப்பை அனுப்புபவர் ஆவோம். இந்த அச்சத்தால்தான் பலர் அழித்துவிடு என்ற கட்டளையைத் தெரிவு செய்கிறார்கள். ஆனால் மூன்றாவது வழி உண்டு. எதிர்முனை வழங்கி இன்னும் வாசலில் நிற்கும்போதே, 250 சொல்லுமுன்பே, வடிகட்டியை ஓட்டிப் பார்த்து, வேண்டாம் என்றால் அங்கேயே 550 சொல்லிவிடுவது. அப்போது எழுதியவருக்கு அறிவிக்கும் கடமை அவருடைய வழங்கிக்கு உரியது. நேர்மையான வழங்கி அறிவிக்கும். குப்பை பரப்பும் கள்ளக் கணனி யாருக்கும் அறிவிக்காது. அடுத்த முகவரிக்குப் போய்விடும். அப்பாவிக்கும் தொல்லையில்லை, நல்லவருக்கும் மௌனமில்லை. போஸ்ட்ஃபிக்ஸில் 'மில்டர்' என்ற இணைப்பு வழியாக இதைச் செய்யலாம். ஆர்ஸ்பாம்டி என்ற புதிய வடிகட்டி இந்த வாசற்படி முறையையே இயல்பாகக் கொண்டிருக்கிறது. நாளொன்றுக்குச் சில நூறு மடல்கள் வரும் கடைக்கு இதனால் கணனிச் சுமை கூடுகிறது என்பது சாக்கு.

வடிகட்டி பிழைவிடும் என்பதில் ஐயமே வேண்டாம். ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் சேவை 2006 டிசெம்பரில் மூடப்பட்டது. அதை நீக்காமல் விட்டிருந்த வழங்கிகள் தொடர்ந்து கேள்வி கேட்டுக்கொண்டேயிருந்தன. 2008 மார்ச்சில் அந்தச் சேவை எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று பதில் சொல்லத் தொடங்கியது. கவனியாதிருந்தோரின் அஞ்சல் முழுவதும் நின்றது. 2010 ஜனவரி முதலாம் திகதி ஸ்பாம்அசாசின் புத்தாண்டு மடல்களுக்கு மூன்றுக்கு மேற்பட்ட புள்ளி போட்டது. 2010 என்ற ஆண்டை வெகுதொலைவு எதிர்காலம் என்று ஒரு பழைய விதி கருதியதால். திருத்தம் முந்தைய ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தும் பயனாளரைச் சென்றடையவில்லை. சோர்ப்ஸ் பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. இவற்றிலெல்லாம், வாசலில் 550 சொன்ன வழங்கியின் சொந்தக்காரருக்கு ஒரு மணி நேரத்தில் தொலைபேசி அழைப்பு வந்திருக்கும். சொல்லாமல் அழித்தவருக்கு எப்போது தெரிந்திருக்கும்?

இந்தத் தொல்லைகளுக்குப் பதிலாகக் கூகிளிடமோ மைக்ரோசொஃப்டிடமோ ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்பது நண்பர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. இதற்குச் சான்றாக அவர்கள் காட்டுவது 2023இல் நமது அரசாங்க மின்னஞ்சலுக்கு நேர்ந்த கதியை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் திகதி லங்கா அரச முகிற்கணிமையின் அஞ்சல் வழங்கி பணயத் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் அன்றுவரையான மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மடல்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகம் உட்பட, ஏறத்தாழ 5,000 முகவரிகள். வாரக்கணக்காக அரச முகவரிகளுக்குச் சந்தேகத்துக்குரிய இணைப்புகள் வந்துகொண்டிருந்ததாகவும், யாரோ அதைச் சொடுக்கியிருக்கலாம் என்றும் அப்போது சொல்லப்பட்டது. அங்கே வடிகட்டி கடுமையாக இருந்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை வேறு. ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை உற்பத்தியாளரே அந்த ஏப்ரலில் நிறுத்தியாயிற்று. 2021இலேயே திட்டமிட்ட தரமுயர்த்தல் நிதியின்மையால் தள்ளிப்போயிற்று. அந்த மூன்று மாதத்துக்குத் தனியே பிரித்து வைத்த காப்புப் பிரதி இல்லை. இணைப்பிலிருந்த பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது.

மாத்தளை நகருக்கு அருகே அலுவிகாரையில், வாய்மொழியாக வந்த பௌத்த நூல்களைக் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் ஓலையில் எழுதிவைத்தார்கள். பஞ்சமும் போரும் மனப்பாடம் செய்தவர்களையே கொண்டுபோய்விடும் என்ற அச்சமே காரணம். காப்புப் பிரதி என்பதை இத்தனை காலத்துக்கு முன் விளங்கிக்கொண்ட நாட்டில், 2023இல் அரசாங்கத்தின் அஞ்சலுக்கு அது இல்லாமற்போனது. சொந்த வீடு கட்டியது இதில் குற்றமில்லை. கூரையை வேயாமல் விட்டதுதான் குற்றம்.

பெரிய நிறுவனங்களிடம் போனாலும் கூடை போய்விடாது. வேறு ஒருவர் கைக்கு மாறும். ஜிமெயில் சந்தேகத்துக்குரியதைத் தனிக் கோப்புறையில் 30 நாட்கள் வைத்திருந்து அழிக்கிறது. அந்தளவு அவகாசமாவது உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்க்கும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு? தமிழ் மடல் ஏன் அங்கே போனது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. மாத்தளையில் பதிவேட்டைத் திறந்தோம்; 3.5 எங்கிருந்து வந்தது என்று கண்டோம். இந்த வசதிக்காகவேனும், முடிந்தவர்கள், கவனிக்க ஆள் வைத்திருப்பவர்கள், தங்கள் அஞ்சலைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. கோவில் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் சிறு பதிப்பகங்களும் எண்ணிப் பார்க்கலாம். கவனிக்க ஆள் இல்லாதவர்கள் இறங்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடையில் இப்போது அழித்துவிடு என்ற கட்டளை எங்கும் இல்லை. 5க்கும் 10க்கும் இடைப்பட்டவை ஒரு கோப்புறையில் விழுகின்றன. சனிக்கிழமைகளில் கணக்குப்பிள்ளை அதைப் புரட்டிப் பார்த்து, நல்லதைப் பொறுக்கி வடிகட்டிக்கும் கற்பிக்கிறார். 10க்கு மேல் வாசலிலேயே மறுப்பு. மறுப்புடன் ஒரு வரி எழுதலாம் என்பதால், உங்கள் மடல் ஏற்கப்படவில்லை, அவசரமானால் அழையுங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதி, கடையின் தொலைபேசி இலக்கத்தையும் தம்பி போட்டிருக்கிறார். தமிழில் எழுதினால் எதிர்முனை வழங்கிகள் பலவற்றில் அது சிதைந்துபோகும் என்பதால் ஆங்கிலம். அந்த வரியைப் பார்த்து இதுவரை மூவர் அழைத்திருக்கிறார்கள். இருவர் கொழும்பு வியாபாரிகள். அவர்களுடைய மடல்கள் உள்ளே எடுக்கப்பட்டன. மூன்றாமவர் காப்புறுதி விற்பவர். அவருக்கு முதலாளி தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டார்.